மக்கர் பண்ணும் ரிவால்வர்! தெரியுமா?

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது சூலக்கரை. ஒரு பக்கம் தொழிற்பேட்டை, சுற்றுவட்டாரம் முழுக்கப் பட்டாசும் தீப்பெட்டியும். இரும்பும் மருந்தும் அக்கம்பக்கமாகக் குடியிருக்கும் பூமி! அந்த இரும்புக்குள் அந்த மருந்தை அடைத்து, சுழலவும் விட்டால்? அதுதான் ரிவால்வர்.

சினிமாவில் ஹீரோ ஆறு தோட்டாவை அள்ளிப் போடுவார், படக்கென்று மூடுவார், டுமீல் டுமீல்! ஒரு தடவைகூடச் சிக்காது. நிஜத்தில் கதை வேறு. மலிவான, லொடலொடப்பான ரிவால்வர் எந்தத் தோட்டாவையும் விழுங்கிவிடும். இழைத்து இழைத்துச் செய்த விலை உயர்ந்த ரிவால்வர்தான் "இது எனக்கு ஆகாது" என்று முரண்டு பிடிக்கும்! ஏன் இப்படி? பிடியுங்கள் பட்டியலை!

1. ரிவால்வருக்குள் வேண்டுமென்றே ஒரு சந்து விடப்படுகிறது, தெரியுமா?

தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் சுழல வேண்டும். குண்டு வெளியேறும் குழலோ அசையக் கூடாது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தே தீர வேண்டும் அல்லவா? பெரும்பாலான ரிவால்வர்களில் அது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர். நோட்டுப் புத்தகத்தின் ஒற்றைத் தாளை நுழைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்! ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்தச் சந்து வழியாகக் கொதிக்கும் வாயு பக்கவாட்டில் பீறிடும். சிலிண்டரின் முன்பக்கம் விரலை வைத்துப் பிடித்தால் விரல் கிழிந்துபோகும்.

2. சூடேறினாலே ரிவால்வர் இறுகிவிடும், தெரியுமா?

"வாயு வீணாகிறதே, சந்தை இன்னும் குறைத்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். கணக்குப் போடுங்கள். 40 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகு உருளை, இருக்கும் சூட்டுக்கு மேல் 100 டிகிரி செல்சியஸ் ஏறினால் கிட்டத்தட்ட 0.05 மில்லிமீட்டர் நீளும். 0.1 மில்லிமீட்டர் சந்தில் பாதி காலி! மிச்சமுள்ள பாதியில் கரியும் ஈயத் துகளும் வந்து உட்கார்ந்தால்? சிலிண்டர் குழலின் பின்முனையில் உரசும், திணறும், நின்றே போகும். கொஞ்ச நேரம் ஆற விட்டால் ஒன்றும் நடக்காதது போல மறுபடி சுழலும். பழியெல்லாம் தோட்டாவின் தலையில்!

3. எரிந்த மருந்தில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும், தெரியுமா?

நம் பட்டாசுக்காரர்களுக்குக் கருமருந்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெடியுப்பு, கந்தகம், கரி. ஆனால் அது எரிந்த பிறகு, எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது! புகையாகவும் படிவாகவும் அப்பிக்கொள்ளும். சாமுவேல் கோல்ட் 1836-இல் அமெரிக்காவில் தன் ரிவால்வருக்குக் காப்புரிமை வாங்கியபோது இருந்தது இந்த மருந்துதான். சில சுற்றுகள் சுட்டாலே சிலிண்டர் கரியில் மாட்டி இழுக்க ஆரம்பிக்கும். அந்தக் காலத்தில் சந்தை இறுக்கமாக வைத்தவர் கதி அதோகதி!

இந்தத் தொல்லைக்கு விடிவு தந்தவற்றில் ஒன்று 1889-இல் பிறந்தது. இங்கிலாந்தில் பிரெடரிக் ஏபெலும் ஜேம்ஸ் டீவாரும் கண்டுபிடித்த கார்டைட் என்ற புகை குறைந்த மருந்து. அதைத் தயாரிக்க 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கே ஆலை வைத்தார்கள் தெரியுமா? நம் நீலகிரியில், குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே உள்ள அருவங்காட்டில்! கார்டைட் தொழிற்சாலை என்ற பெயரோடு இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

4. பின்பக்கமும் ஒரு சந்து உண்டு, தெரியுமா?

தோட்டாவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். சுற்றிலும் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். தோட்டா அறைக்குள் முழுசாக விழுந்துவிடாமல் தாங்குவது அதுதான். .32 ரிவால்வர் தோட்டாவில் அந்த விளிம்பின் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. அதற்குப் பின்னால் துப்பாக்கியின் தடுப்புச் சுவர். விளிம்பு நூலளவு தடித்துப்போனால் சுவரில் உரசும், சிலிண்டர் சுழலாது. நூலளவு மெலிந்துபோனால் தோட்டா முன்னும் பின்னும் ஆடும், ஊசி குத்தியும் வெடிக்காமல் போகலாம். ஆறு அறையில் ஐந்து ஒழுங்காக இருந்து, ஒன்றில் மட்டும் அழுக்கு படிந்து தோட்டா முழுக்க உட்காரவில்லையா? அந்த ஒன்று மொத்தத் துப்பாக்கியையும் நிறுத்திவிடும்!

5. மருந்து குறைந்தாலும் துப்பாக்கி பூட்டிக்கொள்ளும், தெரியுமா?

மருந்து கூடினால் ஆபத்து, சரி. குறைந்தாலும் வம்பா? ஆமாம்! தோட்டாவின் அடியில், நடுவே ஒரு சின்னப் பொட்டு இருக்கும். பிரைமர் என்பார்கள். ஊசி அதில்தான் குத்தும். அது மட்டத்துக்குச் சற்றே உள்ளே அமுங்கியிருக்க வேண்டும். வெளியே புடைத்திருந்தால் சுடுவதற்கு முன்பே சிலிண்டர் சிக்கும்.

இனிமேல்தான் வேடிக்கை! வெடிக்கும் கணத்தில் பிரைமர் கொஞ்சம் பின்னால் நழுவித் தடுப்புச் சுவரில் மோதும். அடுத்த நொடித்துளியில் தோட்டாவின் பித்தளைக் கூடு முழுவதும் அழுத்தத்தால் பின்னால் பாய்ந்து, பிரைமரைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இத்தனையும் நடந்து முடியும். மருந்து வலுவில்லாத தோட்டாவில் இரண்டாவது பாய்ச்சல் நடக்காது. பிரைமர் புடைத்தபடியே நிற்கும். சிலிண்டர் கப்சிப்!

6. தோட்டாவுக்கு மேல் வரம்பு, துப்பாக்கிக்குக் கீழ் வரம்பு, தெரியுமா?

எல்லாப் புதிருக்கும் சாவி இங்கேதான் இருக்கிறது. ஐரோப்பாவில் 1914-இல் தொடங்கிய சி.ஐ.பி., அமெரிக்காவில் 1926-இல் தொடங்கிய சாமி ஆகிய அமைப்புகள் அளவுகளை வகுத்து வைத்திருக்கின்றன. தோட்டா இந்த அளவுக்கு மேல் பெருக்கக் கூடாது. தோட்டா அறை இந்த அளவுக்குக் கீழ் சிறுக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே மிச்சம் கொஞ்சம் இடம். தொழிற்பேட்டையில் வேலை பழகும் பையனைக் கேளுங்கள், "கோ" கேஜ் நுழைய வேண்டும், "நோ-கோ" கேஜ் நுழையக் கூடாது என்று படக்கென்று சொல்வான். அதே சங்கதிதான்!

சாதாரண ரிவால்வர் செய்பவர் அறையைச் சற்றுத் தாராளமாகக் குடைவார். நுணுக்கமாகச் செய்பவர் கீழ் வரம்பை ஒட்டியே குடைவார். குறி பிசகாது, கூடு உப்பாது. ஆனால் மேல் வரம்பைத் தொட்ட ஒரு தோட்டா வந்தால் போச்சு. துப்பாக்கியும் சரி, தோட்டாவும் சரி, சேர்ந்தால் மட்டும் சரியில்லை! கூட்டில் படிந்த ஒரு துளி பிசுக்கு, களிம்பேறிய பித்தளை, உறையில் கிடந்து நசுங்கிய ஒரு விளிம்பு, எதுவும் போதும்.

"அரத்தால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் சரியாகிவிடுமே" என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆயிரக்கணக்கான பவுண்டு அழுத்தம் பாயும் இடம் அது!

7. வேண்டுமென்றே ஆட விடப்பட்ட சிலிண்டரும் உண்டு, தெரியுமா?

ஆறு அறை, ஒரே குழல். ஆறும் மாறி மாறி வந்து அதே குழலின் நேர் பின்னால் மயிரிழை பிசகாமல் நிற்க வேண்டும். நடக்கிற காரியமா? அதனால் பல நிறுவனங்கள் சிலிண்டருக்குத் துளி அசைவை விட்டுவைக்கின்றன. குழலின் பின்வாய் புனல் மாதிரி சற்று அகன்றிருக்கும். குண்டு பாயும்போதே சிலிண்டரைத் தன் பக்கம் இழுத்து நேராக்கிக்கொள்ளும்! 1955-இல் வந்த கோல்ட் பைத்தான் இதற்கு நேர் எதிர். விசையை இழுத்துப் பிடித்தால் சிலிண்டர் அசையவே அசையாது. ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் சிலிண்டரை அப்படி நெருக்கிப் பிடிக்கும் உள்பாகம் தேய்ந்துகொண்டே வரும். கைதேர்ந்த ஆள் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

8. .38 என்றால் 0.38 அங்குலம் இல்லை, தெரியுமா?

.38 ஸ்பெஷல் தோட்டாவின் குண்டு உண்மையில் 0.357 அங்குலத்தை ஒட்டியது! அதே .38 என்ற பெயரில் .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்று இன்னொரு தோட்டா. அதன் குண்டு 0.361 அங்குலம். கூடு குட்டை, ஆனால் பருமன். பெயர் ஒன்று, உருவம் இரண்டு!

இந்த இரட்டையரால் ஒரு கூத்தே நடந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம், பிரிட்டனுக்கும் அதன் காமன்வெல்த் படைகளுக்கும் லட்சக்கணக்கான ரிவால்வர்களை அனுப்பியது. எல்லாம் குட்டைப் பருமன் ரகத் தோட்டாவுக்குச் செய்தவை. போர் முடிந்ததும் வியாபாரிகள் பலர் அவற்றை வாங்கி, அறையை நீளமாகக் குடைந்து, .38 ஸ்பெஷலுக்கு ஏற்றபடி மாற்றி விற்றார்கள். நீளம் சரியானது. அகலம்? பழைய அகலம்தான்! மெலிந்த கூடு அகன்ற அறையில் வெடித்தால் உப்பும், சமயத்தில் பிளந்தும் போகும். தளர்வும் ஆபத்துதான்!

9. விபத்தைத் தடுக்க ஒரு தோட்டாவை நீளமாக்கினார்கள், தெரியுமா?

1935-இல் .357 மேக்னம் வந்தது. .38 ஸ்பெஷலின் அதே பருமன், ஆனால் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்கு. பழைய ரிவால்வரில் யாராவது போட்டுவிட்டால்? அதற்கும் வழி செய்தார்கள். கூட்டை 3 மில்லிமீட்டர் சொச்சம் நீட்டினார்கள். பழைய சிலிண்டரில் முழுக்க நுழையாது, மூட முடியாது, முடிந்தது கதை!

ஆனால் எதிர்ப்பக்கமிருந்து வந்தது வினை. மேக்னம் ரிவால்வரில் குட்டையான .38 தோட்டாக்களைப் போட்டுச் சுடலாம், மலிவு. சுடச் சுட, கூடு முடியும் இடத்தில் அறைக்குள் கரி வளையம் ஒன்று கட்டும். ஒரு நாள் மறுபடி நீளமான மேக்னம் தோட்டாவைப் போட்டால் வளையத்தில் இடித்து நிற்கும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். பித்தளைத் தூரிகையால் நாலு இழுப்பு இழுத்தால் சரி!

10. இந்தியாவில் ".32" என்றாலும் இரண்டு உண்டு, தெரியுமா?

படையும் போலீசும் பயன்படுத்திய, பயன்படுத்தும் .38, .455, 9 மில்லிமீட்டர் போன்ற ரகங்கள் இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. அதனால்தான் உரிமம் வாங்கியவர் கையில் பெரும்பாலும் .32 ரிவால்வர். கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வர் பழைய பிரிட்டிஷ் வெப்லி வடிவத்தைத் தழுவியது. நடுவில் மடங்கித் திறக்கும், ஆறு தோட்டா. 2014 ஜனவரியில் அதே கான்பூரிலிருந்து பெண்களுக்கென்று வந்தது நிர்பீக். அதுவும் .32 தான், எடை வெறும் 500 கிராம்!

இங்கேதான் ஜாக்கிரதை! ரிவால்வருக்கான .32 தோட்டா நீளக் கூடும் அகன்ற விளிம்பும் கொண்டது. கூட்டின் நீளம் ஏறத்தாழ 23 மில்லிமீட்டர். பிஸ்டலுக்கான .32 தோட்டாவின் கூடு 17 மில்லிமீட்டர்தான், விளிம்பு பெயரளவுக்கு மட்டும். 1899-இல் ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. பருமன் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் சில ரிவால்வர்களில் பிஸ்டல் தோட்டா சமர்த்தாக நுழைந்து உட்கார்ந்துவிடும். ஆனால் அதன் அழுத்தம் கூடுதல். நுழைவதெல்லாம் பொருத்தம் இல்லை! குழலில் பொறித்த எழுத்தும் தோட்டாவின் அடியில் பொறித்த எழுத்தும் ஒத்துப்போக வேண்டும்.

.32 ரிவால்வர் தோட்டாவின் வம்சாவளியைப் பாருங்கள்: 1878-இல் குட்டை .32, 1896-இல் நீள .32, 1984-இல் மேக்னம், 2007-இல் .327 ஃபெடரல். பேரனின் துப்பாக்கியில் தாத்தாவின் தோட்டா நுழையும். தாத்தாவின் துப்பாக்கியில் பேரனின் தோட்டா நுழையவே நுழையாது!

11. சுடாத தோட்டா நடந்து வந்து துப்பாக்கியைப் பூட்டும், தெரியுமா?

துப்பாக்கி இலேசாக இருந்தால் உதை பலமாக இருக்கும். ஒரு குண்டு பாயும்போது மற்ற தோட்டாக்களின் கூடுகள் துப்பாக்கியோடு சேர்ந்து வெடுக்கென்று பின்னால் போகும். கனமான ஈயக் குண்டோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். விளைவு? ஒவ்வொரு உதைக்கும் குண்டு கூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவி முன்னால் வரும். கடைசியில் சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டி, குழலில் இடித்து, சுழற்சியையே நிறுத்தும். கூட்டின் வாயை நெருக்கி மடித்துக் குண்டை இறுக்கிப் பிடிப்பது இதற்காகத்தான்.

12. பிறை வடிவத் தகடு ஒரு படையைக் காப்பாற்றியது, தெரியுமா?

1917. அமெரிக்கா முதல் உலகப் போரில் குதித்தது. பிஸ்டல்கள் போதவில்லை. "ரிவால்வரையாவது செய்யுங்கள், ஆனால் பிஸ்டலின் .45 தோட்டாவே போட வேண்டும்" என்றது ராணுவம். அந்தத் தோட்டாவுக்குத் துருத்திய விளிம்பே கிடையாதே! எதில் தொங்கும்? அரை வட்டத் தகடு ஒன்றில் மூன்று தோட்டாக்களைச் செருகி, அப்படி இரண்டு தகடுகளைச் சிலிண்டரில் வைத்தார்கள். ஆறும் தயார்! ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அறைக்குள் ஒரு படியும் வைத்தது. தகடு இல்லாவிட்டாலும் சுடலாம். கோல்ட் முதலில் செய்தவற்றில் படி இல்லை. தகடு தொலைந்தால் தோட்டா உள்ளே வழுக்கிப் போய்விடும்!

பின்னாளில் பிரிட்டனின் .455 வெப்லி ரிவால்வர்கள் அமெரிக்கச் சந்தைக்குப் போனபோது, இதே தகடு நுழைய வேண்டும் என்று பலவற்றின் சிலிண்டர் பின்பக்கத்தைச் சீவிவிட்டார்கள். .45 தோட்டாவின் அழுத்தம் அந்த வெப்லிக்கு வகுத்ததைவிட அதிகம் என்பதை யாரும் யோசிக்கவில்லை!

13. சந்தே இல்லாத ரிவால்வரும் உண்டு, தெரியுமா?

பெல்ஜியத்தின் லியோன் நகாண்ட் வடிவமைத்து ரஷ்யா ஏற்றுக்கொண்ட 1895 மாடல். சுத்தியை இழுத்தால் சிலிண்டர் முழுவதும் முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும்! தோட்டாவும் விசித்திரம். குண்டு வெளியே தெரியாமல் கூட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். கூட்டின் வாய் நீண்டு குழலுக்குள் நுழைந்து சந்தை அடைக்கும். வாயு கசியாது. அதனால் சத்தம் குறைக்கும் கருவி உருப்படியாக வேலை செய்யும் அபூர்வ ரிவால்வர் இது. ஆறல்ல, ஏழு தோட்டா!

14. ஒரு சாம்ராஜ்யமே தோட்டா இறுக்கத்தில் ஆட்டம் கண்டது, தெரியுமா?

இது ரிவால்வர் கதையில்லை. ஆனால் நம் நாட்டில் இதைவிடப் பெரிய பொருத்தக் கோளாறு நடந்ததே இல்லை! கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களின் பழைய துப்பாக்கிக் குழல் 19 மில்லிமீட்டர், குண்டு 17.5 மில்லிமீட்டர். வாய் வழியாகப் போட்டால் உருண்டு இறங்கும். புதிதாக வந்த என்ஃபீல்டு 1853 மாடலின் குழலில் வரிப்பள்ளங்கள். அகலம் 0.577 அங்குலம், குண்டு 0.568 அங்குலம். காகிதத்தோடு சேர்த்து இறுக்கமாக இறங்க வேண்டும். வழுக்க என்ன பூசுவது? கொழுப்பு!

எந்தக் கொழுப்பு என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தா பக்கம் டம்டமில் கிளம்பியது. மே 10-ஆம் தேதி மீரட் பற்றியெரிந்தது. கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. திரியைக் கொளுத்தியது தோட்டா! பிறகு தேன்மெழுகு வந்தது, குண்டையும் 0.550 அங்குலமாகச் சிறுக்கினார்கள். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான மாற்றம். முன்பே செய்திருந்தால்!

15. பொம்மைத் துப்பாக்கிக் கேப்புக்குச் சட்டத்தில் தனி இடம், தெரியுமா?

தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் சுருள் கேப் பிறந்தது பொம்மைக்காக அல்ல! 1845-இல் எட்வர்டு மேனார்டு என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் நிஜத் துப்பாக்கிக்காக அதற்குக் காப்புரிமை வாங்கினார். காகித நாடாவில் மருந்துப் பொட்டுகள். சுத்தியை இழுக்க இழுக்க ஒவ்வொன்றாக முன்னால் வரும். ராணுவமும் ஏற்றது. ஈரம் பட்டால் நமுத்துப்போனதால் கைவிட்டது. குழந்தைகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்!

ரிங் கேப் இன்னும் சுவாரசியம். எட்டுக் கிண்ணம் கொண்ட பிளாஸ்டிக் வளையம், அதைப் பொம்மை ரிவால்வரில் மாட்ட வேண்டும். ஒரு கம்பெனி வளையம் இன்னொரு கம்பெனி துப்பாக்கியில் இறுகும், அல்லது தளரும். சுத்தி பொட்டின் நடுவில் விழாவிட்டால் புஸ்! எந்தத் தொழிற்சாலையின் தலைவலியோ அதே தலைவலி, பத்து வயசுப் பையன் கையில்!

1992 ஜனவரியில் மத்திய அரசு, கந்தகமும் குளோரேட்டும் கலந்த வெடிமருந்துக்கு நாடு முழுக்கத் தடை போட்டது. உரசினாலே வெடிக்கும் ஆபத்தான ஜோடி அது. விதிவிலக்கு மூன்றே மூன்று: ஆய்வுக்கான சிறு அளவு, தீக்குச்சித் தலை, பொம்மைத் துப்பாக்கிக் காகிதக் கேப்! மூன்றில் இரண்டு நம் பக்கத்துச் சரக்கு!

16. துப்பாக்கி ஒரு கம்பெனி, தோட்டா இன்னொரு கம்பெனி, தெரியுமா?

2021 அக்டோபர் 1 அன்று நாட்டின் படைத்தளவாட ஆலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தன. துப்பாக்கி செய்யும் கான்பூர் சிறு ஆயுத ஆலையும் நம் திருச்சி ஆலையும் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்தில். தோட்டா செய்யும் கட்கி ஆலையும் மருந்து செய்யும் அருவங்காடும் புணேயைத் தலைமையிடமாகக் கொண்ட இன்னொன்றில். கான்பூரில் குடைந்த அறைக்குள் புணேயில் உருண்ட பித்தளை, முன்பின் பார்த்துக்கொள்ளாமல் வந்து, நூலளவு பிசகாமல் உட்கார வேண்டும்!

அதனால் இனி யாராவது "இறுக்கமாக இருந்தால்தான் நல்ல துப்பாக்கி" என்று அளந்தால் விடாதீர்கள். முன்னால் எவ்வளவு சந்து, பின்னால் எவ்வளவு சந்து என்று திருப்பிக் கேளுங்கள். பதில் தெரிந்தவர்தான் விஷயம் தெரிந்தவர்!